டிராக்டர் கொக்கியின் துருப்பிடித்த மரைத்துளைகள்: அரவைப் பருவத்துக்கு முன் சீர்செய்வது எப்படி?

மும்பை: மகாராஷ்டிராவில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் கரும்பு அரவைப் பருவத்துக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். கோலாப்பூர், சாங்லி, சத்தாரா, சோலாப்பூர் மாவட்டச் சாலைகளில் அடுத்த சில மாதங்களுக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் இரவு பகலாக ஓடும். ஒரே டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர்கள் பூட்டப்படுவது அங்கு வழக்கமான காட்சி.

பல டன் எடையுள்ள அந்தச் சுமை முழுவதையும் இழுப்பது டிராக்டரின் பின்புறம் உள்ள ஒரு கொக்கி. அந்தக் கொக்கியைத் தாங்குவது ஓர் இரும்புத் தாங்கி. தாங்கியை டிராக்டரின் உடலோடு பிணைத்திருப்பவை சில போல்ட்டுகள் மட்டுமே. அந்த போல்ட்டுகள் இறங்கும் துளைகள் துருப்பிடித்திருந்தால், மேலே சொன்ன சங்கிலியின் மிகப் பலவீனமான கண்ணி அதுவாகிவிடும்.

உழவுப் பருவத்தில் சுழல் கலப்பை போன்ற கருவிகளைப் பொருத்துவதற்காகப் பல விவசாயிகள் டிரெய்லர் கொக்கியைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். மழைக்காலம் முழுவதும் திறந்து கிடந்த துளைகளில் மீண்டும் கொக்கியைப் பொருத்த முற்படும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. போல்ட் இரண்டு சுற்று இறங்கி நின்றுவிடும். ஸ்பேனரில் குழாயைச் செருகி வலிந்து முறுக்கினால் இன்னும் இரண்டு சுற்று இறங்கும். பிறகு அசையாது. ‘இறுகிவிட்டது’ என்று பலரும் வேலையை முடித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஆபத்து தொடங்கும் இடமும் இதுதான்.

துளைக்குள் என்ன நடக்கிறது?

போல்ட்டின் உடலிலும் அது இறங்கும் துளையின் சுவரிலும் திருகு வடிவில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களே மரை எனப்படுகின்றன. பட்டறைகளில் இதனைத் ‘திரெட்’ என்றும் சொல்வதுண்டு. டிராக்டர்களில் கொக்கித் தாங்கி பெரும்பாலும் பின் அச்சுக் கூட்டின் வார்ப்பிரும்பு உடலில் நேரடியாக வெட்டப்பட்ட மரைத்துளைகளில் பொருத்தப்படுகிறது. பிக்கப் வாகனங்கள், ஜீப்புகள் ஆகியவற்றில் சட்டத்தின் உட்புறம் பற்றவைக்கப்பட்ட நட்டுகளில் போல்ட் இறங்கும்.

இரும்பு துருவாக மாறும்போது அது அடைத்துக்கொள்ளும் இடம் பல மடங்கு அதிகரிக்கிறது. வெளிப்பரப்பில் இதனால் பெரிய இடையூறு இல்லை. ஆனால் மரைப் பள்ளங்களில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே. மெல்லிய துருப்படலமும் அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் துருப்பிடித்தல் மழை நின்ற பிறகும் தொடர்கிறது. பொட்டாஷ் போன்ற உரங்களில் உள்ள குளோரைடு உப்பு இந்த வேதிவினையை மேலும் விரைவுபடுத்துகிறது. கொங்கண் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் உள்ள உப்பும் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பினால் கார்களின் அடிச்சட்டத்தில் உள்ள நட்டுகள் துருப்பிடிக்கின்றன. அங்கு கார்களில் டிரெய்லர் கொக்கி பொருத்துவோர் முதலில் செய்ய வேண்டிய பணியும் மரைத்துளைகளைச் சுத்தம் செய்வதே.

போலியான இறுக்கம்

போல்ட்டை முறுக்குவதன் நோக்கம் அதனைத் துளைக்குள் செலுத்துவது மட்டுமல்ல. இறுகும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட ரப்பர் சுருங்க முயல்வதைப் போல, நீண்ட போல்ட்டும் தாங்கியை டிராக்டரின் உடலோடு சேர்த்து அழுத்துகிறது. இந்த அழுத்தத்தால் இரு உலோகப் பரப்புகளுக்கிடையே உண்டாகும் உராய்வுதான் தாங்கியை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது.

மரைகள் நல்ல நிலையில் இருக்கும்போதே, ஸ்பேனரில் நாம் செலுத்தும் விசையில் தோராயமாகப் பாதி போல்ட் தலையின் அடியில் உள்ள உராய்விலும், சுமார் 40 சதவீதம் மரைகளின் உராய்விலும் செலவாகிவிடுகிறது. எஞ்சிய 10 சதவீதம் அளவே போல்ட்டை நீட்டி அழுத்தத்தை உண்டாக்குகிறது. மரையில் துரு இருந்தால் உராய்வின் பங்கு உயர்ந்து, அந்த 10 சதவீதமும் குறைந்துவிடும்.

அதாவது, ஸ்பேனர் பிடித்த கைக்கு போல்ட் இறுகியதாகவே தோன்றும். முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சும் சரியான அளவையே காட்டும். ஆனால் தாங்கி உண்மையில் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்காது. சுமையோடு ஓடும்போது தாங்கி நுண்ணிய அளவில் அசையத் தொடங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் போல்ட் வளைந்து நிமிரும். நாளடைவில் உலோகம் களைப்படைந்து, முன்னறிவிப்பின்றி முறியும். இரவில், பின்விளக்கு இல்லாத டிரெய்லர்களுக்குப் பின்னால் இருசக்கர வாகனங்கள் வரும் சாலையில் இதன் விளைவு என்னவாக இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

முதலில் அளவை அறிதல்

சுத்தம் செய்யும் கருவியைத் துளைக்குள் விடுவதற்கு முன், அந்த மரையின் அளவைத் துல்லியமாக அறிந்துகொள்ள வேண்டும். விட்டம் ஒன்றாக இருந்தாலும் மரை இடைவெளி வேறுபடலாம். எடுத்துக்காட்டாக, 12 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுகள் 1.75, 1.5, 1.25 மி.மீ. என மூன்று இடைவெளிகளில் கிடைக்கின்றன.

பழைய வடிவமைப்பிலான சில டிராக்டர்களில் அங்குல அளவிலான மரைகள் இன்றும் உள்ளன. 5/8 அங்குல போல்ட்டின் விட்டம் 15.875 மி.மீ.; 16 மி.மீ. போல்ட்டிலிருந்து இதனைக் கண்ணால் வேறுபடுத்த இயலாது. ஒன்றின் துளையில் மற்றொன்றை வலிந்து செலுத்தினால் மரைகள் சிதைந்துவிடும்.

துளையில் முன்பு இருந்த போல்ட் கைவசம் இருந்தால் அளப்பது எளிது. ஒரு மரை முகட்டிலிருந்து தொடங்கி, பத்து மரைகளைத் தாண்டி பதினோராவது முகடு வரையுள்ள தூரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். 20 மி.மீ. வந்தால் மரை இடைவெளி 2 மி.மீ.; இது 16 மி.மீ. போல்ட்டின் வழக்கமான அளவு. ஐயம் இருப்பின் போல்ட்டை லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று மரை அளவி கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். ஹைட்ராலிக் தூக்கியை முழுமையாகக் கீழே இறக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பிக்கப் வாகனத்தின் அடியில் படுத்து வேலை செய்வதாயின், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கு நிலைகளை வைப்பது அவசியம்.

கண் பாதுகாப்புக் கண்ணாடியைத் தவிர்க்கக் கூடாது. அண்ணாந்து பார்த்தபடி துருவைச் சுரண்டும்போது அது நேராகக் கண்ணில் விழும்.

படிப்படியான செய்முறை

ஒன்று, உலர்ந்த நிலையில் சுத்தம் செய்தல். துளைக்குள் இறுகியுள்ள சேற்றை மெல்லிய கம்பியாலோ சிறு திருப்புளியாலோ குத்தி எடுக்க வேண்டும். பின்னர், புட்டி கழுவும் பிரஷ் போன்ற உருளை வடிவக் கம்பிப் பிரஷைத் துளைக்குள் விட்டுச் சுழற்றி இழுக்க வேண்டும். துளைக்குப் பொருத்தமான விட்டத்தில் இவை வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. உதிர்ந்த துருவைக் காற்றழுத்தக் குழாயால் ஊதி வெளியேற்றலாம். அப்போது துளையின் வாயைத் துணியால் மறைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, துருவை இளக்குதல். துரு இளக்கும் எண்ணெயைத் துளைக்குள் தெளித்து ஊறவிட வேண்டும். லேசான துருவுக்கு அரை மணி நேரம் போதும். கடுமையான துருவுக்கு முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் தெளிப்பது பலன் தரும். பட்டறைகளில் டீசலைப் பயன்படுத்துவதும் உண்டு. அது மெதுவாகவே வேலை செய்யும். எண்ணெய்க்குச் செலவிடும் நேரம், பின்னர் முறிந்த கருவியை வெளியே எடுக்கச் செலவிடும் நேரத்தைவிடக் குறைவு.

மூன்று, மரையைச் சீர்செய்தல். இதற்கு இருவகைக் கருவிகள் உள்ளன. ‘டேப்’ என்பது புதிய மரையை வெட்டுவதற்கானது. அதன் விளிம்புகள் கூர்மையானவை. துருவோடு நல்ல உலோகத்தையும் சேர்த்துச் செதுக்கிவிடக்கூடும். ‘திரெட் சேசர்’ என்பது ஏற்கெனவே உள்ள மரையைத் துடைத்துச் சீர்செய்வதற்கானது. சுமை தாங்கும் துளைகளுக்குச் சேசரே ஏற்றது. டேப் மட்டுமே கிடைக்கும் நிலையில், அதனை வெட்டுவதற்காக அல்லாமல் பள்ளத்தைப் பின்பற்றிச் செல்வதற்காக மட்டும், மிகுந்த நிதானத்துடன் பயன்படுத்தலாம்.

இவ்விரண்டும் இல்லாவிடில் மெக்கானிக்குகள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. அதே அளவுள்ள, உறுதியான புதிய போல்ட் ஒன்றை எடுத்து, அதன் மரைப்பகுதியில் நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு காடிகளை ஹேக்சா பிளேடால் அறுக்க வேண்டும். அறுத்த விளிம்புகளில் உள்ள பிசிறுகளை அரத்தால் நீக்கிவிட்டால், அதுவே ஒரு சேசராகிவிடும். இறங்கும்போது துரு அந்தக் காடிகளில் சேர்ந்துகொள்ளும். இந்த போல்ட்டைப் பின்னர் ஒருபோதும் கொக்கியைப் பொருத்தப் பயன்படுத்தக் கூடாது.

நான்கு, சரியான தொடக்கம். கருவியைத் துளையின் வாயில் நேராக நிறுத்தி, முதலில் விரல்களால் இடப்புறமாக, அதாவது கழற்றும் திசையில் மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஓரிடத்தில் ‘டக்’ என்று சிறிது கீழே இறங்குவதை விரல் உணரும். மரை தொடங்கும் இடம் அதுவே. அங்கிருந்து வலப்புறமாகச் சுழற்றினால் கருவி பழைய பள்ளத்திலேயே பயணிக்கும். இந்த ஒரு நொடிப் பொறுமை இல்லாததால்தான் பெரும்பாலான மரைகள் குறுக்கே வெட்டுப்பட்டுப் பாழாகின்றன.

ஐந்து, முன்னும் பின்னுமாக இறக்குதல். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்ற முறையில் எண்ணெய் விட்டபடி இறக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளுக்கு ஒருமுறை கருவியை முழுமையாக வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். இறுக்கம் கூடினால் பின்வாங்கி மீண்டும் எண்ணெய் விட வேண்டுமே தவிர, குழாயைச் செருகி வலிமையைக் கூட்டக் கூடாது. மின்சாரம் அல்லது காற்றழுத்தத்தால் இயங்கும் முறுக்கு இயந்திரங்களை இந்தப் பணிக்கு அறவே பயன்படுத்தக் கூடாது. டேப் கடினமானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. துளைக்குள் முறிந்துவிட்டால் சாதாரண துரப்பணத்தால் அதனைத் துளைத்து எடுக்க இயலாது.

ஆறு, கழுவி உலர்த்துதல். பிரேக் துப்புரவுத் திரவத்தைத் தெளித்து, காற்றால் ஊதி, துணியால் துடைத்துத் துளையை முழுமையாக உலர்த்த வேண்டும். இத்திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் நெருப்போ வெல்டிங் வேலையோ இருக்கக் கூடாது.

அடி மூடிய துளைகளில் கூடுதல் கவனம்

வார்ப்பிரும்பில் உள்ள துளைகள் பலவும் மறுபுறம் திறக்காதவை. இவற்றின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதனை அழுத்தும். திரவம் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் வார்ப்பிரும்பிலேயே விரிசலை உண்டாக்கிவிடக்கூடும். அடியில் தேங்கிய துருத்தூளும் போல்ட்டைப் பாதியில் நிறுத்திவிடும்.

கூம்பு முனை கொண்ட டேப் இத்தகைய துளையின் கடைசி மரைகளை எட்டாது; முனை அடியில் முட்டி முறியவும் வாய்ப்புண்டு. கைமுறை டேப்புகள் மூன்று கொண்ட தொகுப்பாக விற்கப்படுகின்றன. அவற்றில் முனை மழுங்கிய மூன்றாவது டேப்பே அடிப்பகுதிக்கு உரியது.

மாறாக, சில டிராக்டர்களில் துளையின் மறுமுனை கியர் எண்ணெய் உள்ள அறைக்குள் திறந்திருக்கலாம். அங்கு துருத்தூள் விழுந்தால் பல்சக்கரங்களும் தாங்கிகளும் பாதிக்கப்படும். எனவே துளையின் தன்மையைக் கையேட்டில் பார்த்தோ, அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் கேட்டோ உறுதிசெய்துகொள்வது நல்லது.

விரல் சோதனை

சுத்தம் முடிந்ததும் தாங்கியைப் பொருத்துவதற்கு முன், புதிய போல்ட்டை வெறும் விரல்களால் சுழற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பேனர் இன்றி முழு ஆழத்துக்கும் தடையின்றி இறங்கினால் மரை நல்ல நிலையில் உள்ளது என்று பொருள்.

இறங்கும் சுற்றுகளை எண்ணிக்கொள்வதும் பயனுள்ளது. வார்ப்பிரும்பில் போல்ட்டின் விட்டத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு மரைகள் பிணைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான பொறியியல் விதி. 16 மி.மீ. போல்ட்டுக்கு இது 24 மி.மீ.; மரை இடைவெளி 2 மி.மீ. எனில் 12 சுற்றுகள். தாங்கித் தகட்டின் தடிமனையும் வாஷரையும் கழித்த பின்னரும் இந்த ஆழம் கிடைக்கிறதா என்று கணக்கிட வேண்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

விரலால் இறக்கிய போல்ட் துளைக்குள் பக்கவாட்டில் ஆடினாலோ, கருவியோடு மரை இழைகள் சுருளாக வெளியே வந்தாலோ, துளையைச் சுற்றி விரிசல் தென்பட்டாலோ பணியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தேய்ந்த மரைத்துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருளைப் பொருத்திப் பழைய அளவை மீட்டெடுக்கும் முறை உள்ளது. சுமை தாங்கும் இடம் என்பதால் இதனை அனுபவமுள்ள பணிமனையிலேயே செய்துகொள்ள வேண்டும்.

பிக்கப் வாகனச் சட்டத்தில் பற்றவைத்த நட் தன் இடத்திலிருந்து விடுபட்டுச் சுழலத் தொடங்குவதும் உண்டு. மேலும் முறுக்கினால் அது சட்டத்தின் உட்குழிவில் விழுந்துவிடும். துருவை இளக்குவதற்காகத் தீச்சுவாலையால் சூடேற்றுவது சில பட்டறைகளில் வழக்கம். எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள், மின்கம்பிகள் ஆகியவை அருகிலேயே செல்வதால் கொக்கிப் பகுதியில் இது மிக ஆபத்தானது.

ஒரு துளை கெட்டுவிட்டது என்பதற்காக எஞ்சிய போல்ட்டுகளை மட்டும் பூட்டி ஓட்டுவதும், தாங்கியை வார்ப்பிரும்பு உடலோடு நேரடியாகப் பற்றவைப்பதும் தீர்வாகாது. வார்ப்பிரும்பில் போடப்படும் அவசர வெல்டிங் வெளியே உறுதியாகத் தோன்றினாலும், அதன் ஓரத்தில் விரிசல் விடும் இயல்புடையது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 8.8 என்பதில் முதல் எண் 800 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கிறது. இரண்டாவது எண், அதில் 80 சதவீதம் வரை, அதாவது 640 மெகாபாஸ்கல் வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்பதைக் காட்டுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்துக்குக் குறைந்த போல்ட்டையோ, தலையில் எண்ணே இல்லாத போல்ட்டையோ கொக்கிக்குப் பயன்படுத்தக் கூடாது.

தாங்கியும் டிராக்டரின் உடலும் ஒன்றையொன்று தொடும் பரப்புகளில் உள்ள துரு, சேறு, தடித்த பெயின்ட் ஆகியவற்றையும் நீக்க வேண்டும். இல்லாவிடில் அவை சுமையில் நசுங்கி, இறுக்கிய போல்ட் தளர்ந்துவிடும்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் இறக்கிவிட்டு, பின்னர் எதிரெதிர் வரிசையில் இரண்டு மூன்று கட்டங்களாக இறுக்க வேண்டும். முறுக்குவிசை எவ்வளவு என்பதைக் கையேடே முடிவுசெய்ய வேண்டும். ஓர் ஒப்பீட்டுக்காக, 8.8 தரமுள்ள 16 மி.மீ. போல்ட்டுக்கு இது பொதுவாக 200 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு இது சமம். உலர்ந்த மரைக்குக் கூறப்பட்ட அளவை எண்ணெய் தடவிய மரைக்குப் பயன்படுத்தினால் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து தாங்கி வரை பெயின்டால் ஒரு கோடு போட்டுவைக்கலாம். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துள்ளது என்பதை ஓட்டுநர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். சுமையுடன் முதல் சில நடைகள் சென்று வந்ததும் அனைத்து போல்ட்டுகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வருமுன் காத்தல்

இவ்வளவு உழைப்பையும் தவிர்க்கும் வழி மிக எளிது. பருவம் முடிந்து கொக்கியைக் கழற்றும் நாளிலேயே துளைகளைத் துடைத்து, கிரீஸ் தடவிய பழைய போல்ட்டுகளைக் கையால் இறக்கி அடைத்துவைத்தால் போதும். போல்ட் இல்லையெனில் பிளாஸ்டிக் அடைப்பானோ, கிரீஸில் தோய்த்த துணியோ கூட மழைநீரைத் தடுத்துவிடும். அடுத்த ஆண்டு கொக்கியைப் பொருத்தும் முன் அந்த கிரீஸை முழுமையாகத் துடைத்து எடுக்க மறக்கக் கூடாது.

கழற்றிய கொக்கியோடு அதன் போல்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு, அளவை எழுதிக் கட்டிவைப்பதும் பயன்தரும். ஆலையிலிருந்து அழைப்பு வந்த பிறகு அவசரத்தில் கைக்குக் கிடைத்த போல்ட்டைத் தேடிப் பூட்டும் நிலை அப்போது ஏற்படாது.